அண்ணாச்சி கலர் ஏற்றிய பூநாரை

காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. பொன்னுத்தங்கம் மதினி பேசினார். "யோகா, அண்ணாச்சி எந்திரிக்க மாட்டேங்காக" என்றார். தூக்கக் கலக்கத்தில் நான், "காலண்டர் சீசன் வேலைல மதினி, அசதியா இருக்கும். கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன். அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்டது.

காசிராஜன் அண்ணாச்சி, சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கலர் பார்க்கிறவர். நான் டிசைன் அறையில் கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கிக் கொடுப்பேன். அது பிளேட்டாகி, மிஷினில் ஏறி, முதல் சில தாள்கள் ஓடியதும் அண்ணாச்சி ஒன்றை உருவி மேசையில் விரிப்பார். லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பார். எல்லாம் சரியென்றால் ஓரத்தில் பச்சைப் பேனாவால் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஓகே விழாமல் மிஷின் மேற்கொண்டு ஓடாது. முதலாளியே வந்து நின்றாலும் ஓடாது. பச்சைப் பேனா ஏன் என்று கேட்டால், மற்ற கலரெல்லாம் படத்தோடு கலந்துவிடும் என்பார். கெசட்டட் ஆபீசர் மாதிரி இருக்கும் ஆசைதான் காரணம் என்பது எங்களுக்குத் தெரியும்.

வெளியூர்களில் ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எங்கெங்கோ அலைய வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அன்று மத்தியானமே அண்ணாச்சி தெருச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தார். மிஷின் ஓட்டும் ஜெயபாண்டி அவரிடம் வேலை கற்றவன். மரியாதையாக இருக்கட்டும் என்று, அண்ணாச்சியின் கறுத்த முகத்தில் கறுப்பைக் குறைத்து மஞ்சளைத் தூக்கலாக விட்டு, எலுமிச்சம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தான். மதினி அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார்.

"யாருலே இது? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கான்?"

"அண்ணாச்சிதான் மதினி" என்றான் ஜெயபாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

துக்க வீட்டில் சிரிப்பை அடக்க எல்லாரும் துண்டைத் தேடினார்கள். அண்ணாச்சி இருந்திருந்தால் அந்தப் போஸ்டருக்கு யோசிக்காமல் ஓகே போட்டிருப்பார். அவர் பாடமே அதுதான். "பாக்குறவனுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணணும், பாப்பா. இருக்குற மாதிரியே அடிச்சுக் குடுக்கிறதுக்கு நாம எதுக்கு, கண்ணாடி போதாதா?" எனக்கு முப்பத்தி நாலு வயது, இரண்டு பிள்ளைகள். அவருக்கு நான் கடைசிவரை பாப்பாதான். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் வேலைக்கு வரும் பெண்கள் எல்லாருமே பாப்பாதான்.

நான் விலங்கியல் படித்துவிட்டு அச்சகத்துக்கு வந்தவள். அதை அவர் மறக்கவிட மாட்டார். மிஷினுக்கடியில் எலி ஓடினால், "யோகா படிச்ச பாடம் ஓடுது, கூப்பிடுங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கப் போகிறோம் என்று தெரிந்தபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"லீவு நாள்ல போய்க் கொக்கை எண்ணுறீகளா? கொக்கு என்ன ஆர்டர் போட்ட லோடா, குறைஞ்சா கம்ப்ளைண்ட் பண்ண?"

பிறகு டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தால் பார்க்கிறவன் எல்லாம் என்ன வியாதி என்று கேட்கிறான், கண்மாயில் நடந்தால் கொக்கு கேட்காது என்று சொல்லி, ஒரு ஞாயிறு எங்கள் வேனில் ஏறிவிட்டார். பைனாகுலர் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அவர் அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸைச் சட்டைப்பையில் போட்டு வந்திருந்தார். கண்மாய்க்கு நடுவில் நிற்கிற நாரையை அதை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் நாரை வந்து மேசையில் படுக்க வேண்டும். என் பைனாகுலரைக் கொடுத்தேன். இரண்டு கண்ணுக்கும் சரிசெய்யாமல் வைத்துக்கொண்டு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய, "ரிஜிஸ்டர் அவுட்டு" என்று திருப்பிக் கொடுத்தார். கலருக்குக் கலர் விலகி அச்சான தாளுக்கு நாங்கள் சொல்கிற வார்த்தை அது. நீர்க்காகத்தைக் காட்டினால், "கறுப்பு கூடிப்போச்சு" என்பார். கூழைக்கடாவைப் பார்த்து, "தாளே பழுப்புத் தாளா போட்டிருக்கான்" என்றார். கடவுள் மட்டும் அவர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார்.

ஆனாலும் வந்தார். ஒரு ஞாயிறும் விடவில்லை.

எங்கள் வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் சோலைச்சாமி. வார நாட்களில் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. இரண்டு பக்கமும் கம்பெனிப் பெயரும், பொறியாய்ச் சிதறும் பூச்சட்டி மத்தாப்பும் வரைந்திருக்கும். அதில்தான் சாத்தூரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். சாத்தூரில் மணலாகக் கிடக்கிற வைப்பாறு, கடலைத் தொடுகிற இடத்துக்குத் தெற்கே ஓர் உப்பங்கழி இருக்கிறது. கழியை ஒட்டிய ஊர்ப் பெண்கள் அதில் இறங்கி நண்டும் இறாலும் பிடித்து விற்பவர்கள். குளிர்காலத்தில் அங்கே ஃபிளமிங்கோ என்கிற பூநாரைகள் வந்து நிற்கும். முதல் தடவை எங்கள் வண்டி போய் நின்றபோது பிள்ளைகள் ஓடிவந்து, தீபாவளி முடிந்துவிட்டதே, மிச்சச் சரக்கை விலை குறைத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டன. பறவை பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் முகம் வாடித் திரும்பிப் போய்விட்டன.

அந்தக் கழியைக் கரைகட்டித் தடுத்து, இறால் பண்ணைக்குக் குத்தகை விடலாம் என்று ஊரில் பேச்சு இருந்தது. ஆண்டிச்சாமி என்பவர் அதற்கு முன்னால் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு நாலு வேலை வரும் என்று நம்புகிறவர். கழியில் இறங்கும் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடைய மகளிர் குழுவுக்குத் தலைவி பாண்டிமீனா. சும்மா வேண்டாம் என்று சொன்னால் கிராம சபையில் எடுபடாது, கடல்தாண்டி வருகிற பறவைகள் இங்கே தங்குகின்றன என்பதை நாங்களே எண்ணிக் கணக்காக வைக்கிறோம் என்றார். போன ஜனவரியில் ஊர்ப் பெண்களே கணக்கெடுப்பது, ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் அதைப் படிப்பது என்று முடிவானது. பறவைகளை அடையாளம் காண ஒரு படத்தாள் வேண்டும். பன்னிரண்டு பறவை, பெரிய தாள், நல்ல அச்சு.

"அச்சா?" என்றார் அண்ணாச்சி. "அதை என்கிட்ட விடுங்க."

விட்டோம். நான் படங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, என் தங்கை கல்யாணத்துக்கு ராஜபாளையம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாள்கள் கட்டுக்கட்டாகச் சோலைச்சாமி வண்டியில் ஏறியிருந்தன. ஒன்றை உருவிப் பார்த்தேன். கூழைக்கடா சரஸ்வதியின் அன்னம்போல வெளுத்திருந்தது. சாம்பல் நாரை கிருஷ்ண நீலம். பூநாரையோ, லட்சுமி உட்காருகிற தாமரை எந்த ரோஸோ அந்த ரோஸ், கால் நகம்வரைக்கும்.

"அண்ணாச்சி, பூநாரை இப்படி இருக்காது."

"இருக்காது, தெரியும் பாப்பா. இருந்தா எப்படி இருக்கும்!"

கணக்கெடுப்பு நாளில் நாங்களும் போயிருந்தோம். பெண்கள் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை கழியைச் சுற்றி நின்று எண்ணினார்கள். முடிந்ததும் பாண்டிமீனா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். நீர்க்காகம் இத்தனை. கூழைக்கடா இத்தனை. அதன் பையை வைத்து அடையாளம் பிடித்துவிட்டார்களாம். "பூநாரை, வரல."

"வரலையா?" என்றேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே கழியில் கூட்டமாக அவை நிற்பது தெரிந்தது.

"படத்தைக் கையில வச்சுக்கிட்டேதான் பாத்தோம்க்கா. இந்த ரோஸ்ல ஒண்ணுகூட இல்ல. கீழ பாருங்க, படத்துல இல்லாததையும் எழுதியிருக்கோம். நெட்டைக்கால், முந்நூத்திச் சொச்சம்."

கழியில் நிற்கும் அந்த வெளுத்த பறவைக்கு ஊரில் பெயர் நெட்டைக்கால். பூநாரை என்றால் ஏதோ சீமைப் பறவை, நம் ஊருக்கும் வருமோ என்று பாவம் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அடித்துத் திருத்தி எழுதிவிடலாம் என்றார் சோலைச்சாமி. பாண்டிமீனா மாட்டேன் என்றுவிட்டார். "எண்ணுனது எண்ணுனதுதான். இன்னைக்கு அடிச்சு எழுதுனா நாளைக்கு எவன் நம்புவான்?" அதற்குள் ஆண்டிச்சாமியும் வந்து, தன் செல்போனில் அந்தக் கணக்கைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வரும் வழியில் சாத்தூர் தாண்டும்போது அண்ணாச்சி, "அந்தப் பொம்பளைக நண்டு பிடிக்கிற இடம்லா அது" என்றார். கழி போனால் அது யாருடைய கைவண்ணத்தால் போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. வீட்டில் இரண்டு நாள் ரோஸ் கலரில் எதைப் பார்த்தாலும் திட்டினாராம். மதினி தன் சேலை ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

கிராம சபை அன்று அதே வேனில் போனோம். பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். ஆண்டிச்சாமி எங்கள் படத்தாளை விரித்துப் பிடித்துக் காட்டினார்.

"இது சிவகாசியிலிருந்து இவுக கொண்டாந்த படம். இது நம்ம பொம்பளைக எண்ணுன கணக்கு. பூநாரை வரலைன்னு அவுக கையாலேயே எழுதியிருக்காக. பெறகு யாருக்குக் கழியைக் காவல் காக்கணும்? அதுவும் யாரு சொல்லி? வெடிச்சத்தத்துல ஊரு ஊரா காக்காயை விரட்டுனவுக வந்து நமக்குப் பறவைப் பாவம் சொல்லுதாக!"

கூட்டம் சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அண்ணாச்சி எழுந்தார். வெளியூர்க்காரர் பேசக் கூடாது என்றார் ஆண்டிச்சாமி.

"ஊரைப் பத்திப் பேச வேண்டாம். அவுக அடிச்ச படத்தைப் பத்திப் பேசட்டும்ல" என்றார் பாண்டிமீனா.

அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. முதலாளி முன்னால்கூட அவர் துண்டை எடுத்ததில்லை.

"பறவை மேல தப்பில்ல. எண்ணுனவுக மேலயும் தப்பில்ல. படந்தான் தப்பு. நாங்க சாமிக்கே கலர் ஏத்திப் பழகுனவங்க. நாளைக்கு முருகன் நேர்ல வந்து நின்னா, 'நீ இல்லப்பா, காலண்டர்ல இருக்கவரு வேற'ன்னு நீங்க திருப்பி அனுப்பிருவீக. அம்புட்டு ஏத்திருக்கோம். அந்தக் கைதான் பறவைக்கும் ஏத்திருச்சு. நீங்க நெட்டைக்கால்னு எழுதுனதுதான் பூநாரை. முந்நூறும் பூநாரை."

"இதை எப்படி நம்புறது?" என்றார் ஆண்டிச்சாமி. "அன்னைக்கு இதுதான்னு படம் குடுத்தீக. இன்னைக்கு அது இல்லைங்கீக. நாளைக்குக் கோழியைக் காட்டி மயிலும்பீக."

நியாயமான கேள்வி. நான் செல்போனில் வேறு படங்களைத் தேடிக் காட்டப் பார்த்தேன். இணையத்தில் இருந்த பூநாரைகள் எல்லாம் அண்ணாச்சியின் அண்ணன் தம்பிகள் அடித்த மாதிரி செக்கச்செவேலென்றே இருந்தன. சட்டென்று மூடிவிட்டேன். கடைசியில் கூட்டமே எழுந்து கழிக்கரைக்குப் போனது. பூநாரை பறக்கும்போது சிறகுக்கடியில் இருக்கும் சிவப்பு தெரியும், அதை எல்லாரும் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

பறவைகள் பறக்கவில்லை. தலையைச் சேற்றுத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, அவை பாட்டுக்குச் சாப்பிட்டன. ஊரே வெயிலில் நின்றது. கைதட்டி விரட்டுவது எங்கள் வழக்கமில்லை என்றேன்.

"ஒரு சரவெடி கொண்டாந்திருந்தா வேலை சுளுவா முடிஞ்சிருக்கும்" என்றார் ஆண்டிச்சாமி. "எப்பவும் இல்லாம இன்னைக்குப் பாத்து வெறும் வண்டியை ஓட்டிட்டு வந்திருக்கீக."

மறுபடி மரத்தடிக்கு வந்து வெகுநேரம் பேசினார்கள். முடிவில் இப்படித் தீர்மானமானது: குத்தகைப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிவைப்பது. அடுத்த ஜனவரியில் சரியான படம் வர வேண்டும். அதை வைத்து ஊர் மறுபடி எண்ணும். பூநாரை இருந்தால் கழி கழியாகவே கிடக்கட்டும். இல்லையென்றால் ஆண்டிச்சாமி சொல்வதைக் கேட்பது. "படம் எப்படி இருக்கோ பறவை அப்படி இருக்கணும். பறவை எப்படி இருக்கோ படம் அப்படி இருக்கணும்" என்று ஆண்டிச்சாமி அண்ணாச்சியை இரண்டு பக்கமும் கட்டிப்போட்டார்.

வண்டி கிளம்பி, ஊர் ஆள் ஒருவர்கூடப் பார்வையில் இல்லாத வளைவுக்கு வந்ததும், கழியிலிருந்து கூட்டம் மொத்தமாக எழும்பியது. கறுப்பும் சிவப்புமாகச் சிறகுகள் திறந்தன. அண்ணாச்சி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏலே! ஓகே போட்டு முடிச்சப்பறம் கலர் காட்டுது பாருலே!"

அந்த வருஷம் முழுக்க அவர் பட்ட பாடு எங்களுக்குப் பொழுதுபோக்கு. பூநாரை இருக்கிற மாதங்களில் ஞாயிறுதோறும் கழிக்குப் போய்ச் சேற்றில் நின்று பூநாரையையே பார்ப்பார். லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வரப் பழகியிருந்தார். மகளிர் குழுவோடு சேர்ந்து, கழிக்குள் குப்பை கொட்டுகிற இடத்தில் வேலி போட்டார். இரண்டு கம்பு நட்டுவிட்டு, கோணலாக இருக்கிறது என்று மற்றவர்கள் நட்டதையும் பிடுங்கினார். விருதுநகரில் ஒரு மண்டபத்தில் நடந்த பறவைப் பயிற்சிக்கு வந்து, பாடம் நடத்தியவரிடம், "சார், நீங்க சொல்றது எல்லாம் சரி, திரையில நீலம் தூக்கலா இருக்கு" என்றார். புதுத் தாளுக்கு மற்ற பறவைகளைச் சீக்கிரமே ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டார். கூழைக்கடாவுக்கு அதன் அழுக்கைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

பூநாரை மட்டும் வழிக்கு வரவில்லை. நிற்கிற பறவை பெரிதாக, பறக்கிற பறவை ஓரத்தில் சிறிதாக என்று நான் அமைத்துக் கொடுத்தேன். பறப்பதில் பிரச்சினை இல்லை. அதில் அவர் ஆசைதீரச் சிவப்பு விடலாம். நிற்பதன் உடம்பில் இருப்பது வெள்ளையும் இல்லை, ரோஸும் இல்லை. ரோஸைத் தண்ணீரில் அலசிக் காயப்போட்ட மாதிரி ஒன்று.

"ஒரு சொட்டு மெஜந்தா கூடுனா கல்யாணப் பத்திரிகை. ஒரு சொட்டு குறைஞ்சா கொக்கு" என்று ஜெயபாண்டியிடம் புலம்புவார். "இந்த அளவுல பிடிச்சு நிப்பாட்டுறதுக்கு மிஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தப் பறவைக்கு எப்படித்தான் தெரிஞ்சதோ!"

இன்னொரு வழக்கம் அவருக்கு உண்டு. அடர்த்தியான கலரை எந்த வெளிச்சத்திலும் பார்த்து ஓகே போடுவார். வெளிர் கலரை மட்டும் டியூப்லைட்டில் நம்ப மாட்டார். காலை வெயில் அச்சக வாசலுக்கு வந்ததும் தாளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், படியில் விரித்து வைத்துத்தான் பார்ப்பார். மேகம் போட்ட நாட்களில் வெளிர் கலரில் அடித்த குழந்தை டானிக் கம்பெனிக் காலண்டர்கள் எல்லாம் வெயிலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் புதுத் தாள் மிஷினில் ஏறியது. ஜெயபாண்டி நாலைந்து தாள் ஓட்டி, ஒன்றை மேசையில் விரித்தான். அண்ணாச்சி பச்சைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பறவையாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். பூநாரையிடம் வந்ததும் குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். எனக்கு அது சரியாகவே இருந்த மாதிரிதான் பட்டது. கழியில் நிற்பது அப்படியே தாளில் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஓகே போடுங்க. வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

"நல்லா இருக்குன்னு தோணுதுல்ல? அதான் பயமா இருக்கு. போன தடவையும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நீ போ பாப்பா. காலைல வெயில்ல பாத்துக்கிடுவோம்."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத்தான் மதினி போன் செய்தார்.

காரியம் முடிந்து நேற்று அச்சகம் திறந்தோம். அந்தப் பிளேட் இன்னும் மிஷினிலேயே இருக்கிறது; அஞ்சலிப் போஸ்டரைக்கூட ஜெயபாண்டி வேறு மிஷினில்தான் ஓட்டியிருந்தான். முதலாளி, ஓட்டிவிடலாமே என்று கேட்டார். ஜெயபாண்டி தாளை என் பக்கம் நகர்த்தினான், நான் அவன் பக்கம் நகர்த்தினேன். போஸ்டர் அடித்த கை என்பதால் அவன் தன்னை நம்பவில்லை. பாண்டிமீனா துக்கம் கேட்க வந்திருந்தார்; ஆண்டிச்சாமியும் கூட வந்து, இது யாரென்ற குழப்பத்தோடு அந்தப் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். படத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஊர் எண்ணப் போகிறது.

தாள் மேசையில் விரித்தபடி கிடக்கிறது. பதினோரு பறவைகளுக்குப் பச்சை டிக் இருக்கிறது. பூநாரைக்கு இல்லை.